அரம் பிடித்த பசங்கள்

ஐடிஐ ஃபிட்டர் பிரிவில் பசங்களுக்கு அறவே பிடிக்காத வேலை ஒன்று உண்டு: சதுரப் பொருத்தம். இரும்புப் பட்டையில் சதுரத் துளை. அதற்குள் இன்னொரு துண்டு எப்படித் திருப்பினாலும் உட்கார வேண்டும். கடைசி இழைப்பு முழுக்க அரத்தால்தான். பல்லில் இரும்புத்தூள் அடைக்காமல் இருக்க அரத்தில் சாக்பீஸ் தேய்த்துக்கொள்வார்கள். மூலைமட்டத்தை (செங்கோணம் பார்க்கும் 'எல்' வடிவக் கருவி) வைத்து வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்க்க வேண்டும். இடுக்கில் வெளிச்சம் கசிந்தால் மறுபடி ராவ வேண்டியதுதான். வெர்னியர் அளவுகோல் 0.02 மி.மீ. வரை காட்டும், சரி. ஆனால் விளிம்பு நேராக இருக்கிறதா என்பதற்கு எனக்கு அந்த வெளிச்சம்தான் சாட்சி.

அப்புறம், இந்த வருஷம் அவர்களாகவே கேட்டு ஒரு ஸ்டூல் செய்தார்கள். கால்கள் ஆங்கிள் இரும்பு, மேலே வேங்கைப் பலகை. "நாலு ஸ்க்ரூவை இறுக்கிவிடலாம் சார்" என்றான் ஒருவன். மரம் மழையில் ரேகைக்குக் குறுக்குவாட்டில் உப்பும், கோடையில் சுருங்கும். இரும்பு விட்டுக்கொடுக்காது, பலகைதான் பிளக்கும் என்றேன். மரத்தோடு சேர்ந்து ஸ்க்ரூவும் நகர இடம் இருக்கட்டும் என்று, ஆங்கிளில் இருந்த துளைகளைக் குறுக்குவாட்டில் நீளமாக்கினார்கள், அதுவும் அரத்தாலேயே, முனகாமல்! ஸ்டூலை ஸ்டோர்காரர் எடுத்துக்கொண்டுபோய்விட்டார். கேட்டால் தர மாட்டேன் என்கிறார்.