4×5 நெகட்டிவுக்கு ஒரு பழைய என்லார்ஜர் தேடுகிறேன்

ஜனவரி 6

இதுவரை 4×5 அங்குல நெகட்டிவ் எல்லாவற்றையும் காண்டாக்ட் பிரிண்டாகவே, அதாவது நெகட்டிவைத் தாளின் மேல் நேராக வைத்து அதே அளவில், போட்டு வந்தேன். அந்தப் பிரிண்டின் தெளிவுக்கு ஈடே இல்லை, ஆனாலும் உள்ளங்கை அளவுப் படம். சுவரில் மாட்டுகிற மாதிரி 16×20 அங்குலத்தில் பார்க்க வேண்டும் என்ற ஆசை விடவில்லை. இந்த அளவு நெகட்டிவ் ஏற்கிற என்லார்ஜரை (நெகட்டிவைத் தாளில் பெரிதாக்கிப் போடும் கருவி) இன்று புதிதாகச் செய்கிறவர்கள் மிகக் குறைவு. அதனால் பழையதுதான் வாங்க வேண்டும்.

ஜனவரி 9

எந்த கம்பெனி என்பதை அப்புறம் பார்க்கலாம். முதலில் இருட்டறையின் கூரை உயரத்தை அளந்தேன்.

கணக்கு எளிது. 4×5-க்கு வழக்கமான லென்ஸ் 150 மி.மீ. 16×20 என்றால் நான்கு மடங்கு பெரிதாக்கல். லென்ஸிலிருந்து தாளுக்கு 150-ஐ 5-ஆல் பெருக்கினால் 750 மி.மீ. லென்ஸிலிருந்து நெகட்டிவுக்கு 150-ஐ 1.25-ஆல் பெருக்கினால் 187.5. ஆக, நெகட்டிவிலிருந்து தாள் வரை ஏறக்குறைய 94 செ.மீ. அதற்கு மேல் விளக்குத் தலை, அதற்குக் கீழ் மேசையின் உயரம். 135 மி.மீ. லென்ஸ் போட்டால் இந்த இடைவெளி 84 செ.மீ. ஆகக் குறையும், ஆனால் எல்லா 135-உம் 4×5-இன் மூலை வரை சீராக மூடாது. மேசையைக் கொஞ்சம் தாழ்த்திக்கொண்டு 150-ஐயே போடுவது நல்லது என்று படுகிறது.

8×10 நெகட்டிவுக்கும் சேர்த்தே வாங்கிவிடலாமே என்று ஒரு நினைப்பு வந்தது. 300 மி.மீ. லென்ஸில் வெறும் இரண்டு மடங்குக்கே 135 செ.மீ. வேண்டும். நினைப்பை அங்கேயே விட்டேன்.

ஜனவரி 17

விளக்குத் தலை ஒளியைக் குவிக்கும் கண்டென்சரா, பரப்பிவிடும் டிஃப்யூஷனா? பழையது வாங்குபவர் எல்லாரும் நின்று யோசிக்கிற இடம் இதுதான்.

கண்டென்சர் தலையில் ஒளி ஒரே திசையில் குவிந்து வருகிறது. நெகட்டிவில் வெள்ளித் துகள் அடர்த்தியாக உள்ள இடம் அந்த ஒளியைச் சிதறடித்துவிடுவதால், அதில் ஒரு பகுதி லென்ஸுக்கு வந்து சேர்வதில்லை. அடர்த்தி கூடக் கூட இழப்பும் கூடும், காண்ட்ராஸ்ட் ஏறும். காலியர் விளைவு என்பது இதுதான். தூசும் கீறலும்கூடப் பளிச்சென்று தெரியும்.

என் நெகட்டிவ்கள் காண்டாக்ட் பிரிண்டுக்காகவே டெவலப் செய்தவை, காண்ட்ராஸ்ட் கொஞ்சம் தூக்கல். காண்டாக்டில் லென்ஸே கிடையாது, எனவே இந்த விளைவும் கிடையாது. டிஃப்யூஷன் தலையில் அது பெரும்பாலும் அடங்கிவிடும். என் பழைய பிரிண்டுக்கு நெருக்கமாக வருவது அதுதான். நிற ஃபில்டர்கள் உள்ளேயே இருக்கும் கலர் ஹெட் கிடைத்தால் இன்னும் வசதி. மஞ்சள், மெஜந்தா டயல்களைத் திருப்பியே மல்டிகிரேடு தாளின் கிரேடை, அதாவது காண்ட்ராஸ்ட் அளவை, மாற்றலாம், ஃபில்டரைக் கையில் எடுக்கவே வேண்டாம்.

கோல்ட் லைட் என்ற குழாய் விளக்குத் தலையும் டிஃப்யூஷன்தான். ஆனால் பழைய நீலக் குழாய் போட்டதென்றால் மல்டிகிரேடுக்கு வேண்டிய பச்சை ஒளி அதில் போதாது. குழாய் எதுவென்று தெரியாமல் வாங்கக் கூடாது.

ஜனவரி 25

ஓர் ஒமேகா டி2 பார்த்தேன். சட்டம் உறுதியானது. சாய்ந்த தூணில் தலை தடங்கலின்றி ஏறி இறங்கியது. ஆனால் நெகட்டிவைப் பிடித்து வைக்கும் கேரியர் 35 மி.மீ.-க்கு மட்டும்தான் இருந்தது. கண்டென்சர் பெட்டியில் ஒரு கண்ணாடியைக் காணோம். “அதெல்லாம் தனியாகக் கிடைக்கும்” என்றார் விற்பவர். கிடைக்கலாம். எப்போது, யாரிடம் என்பதுதான் கேள்வி. லென்ஸ் எங்கேயும் வாங்கிக்கொள்ளலாம். கேரியர், லென்ஸ் போர்டு, மின் பெட்டி மாதிரி அந்தந்த மாடலுக்கே உரிய பாகங்கள் இல்லாத என்லார்ஜர் எவ்வளவு மலிவானாலும் எனக்கு வேண்டாம்.

ஜனவரி 26

பெசலர் 45 ஒன்றின் படங்கள் வந்தன. பெல்லோஸ் என்ற ஒளிபுகாத் துருத்தியின் மடிப்புகளில் டேப். போய்ப் பார்க்கவில்லை.

பிப்ரவரி 8

டிவியர் 504, டைக்ரோயிக் (கண்ணாடி ஃபில்டர்) கலர் ஹெட்டோடு. மேசை மேல் வைக்கிற மாடல். தலையை ஏற்றுகிற சக்கரமும் ஃபோகஸ் சக்கரமும் கீழே பலகைக்குப் பக்கத்திலேயே இருக்கின்றன. கூர்மை பார்க்கும் ஃபோகஸரில் கண்ணை வைத்தபடியே கையால் திருப்பலாம், எட்டிப் பிடிக்க வேண்டியதில்லை. பெரிய படம் போடுபவருக்கு இது எவ்வளவு பெரிய உபகாரம்!

அறையை இருட்டாக்கச் சொல்லி, பெல்லோஸுக்குள் டார்ச் அடித்து ஒவ்வொரு மடிப்பாகப் பார்த்தேன். ஓர் ஓட்டைகூட இல்லை. டயல்களைத் திருப்பியபோது நிறம் விட்டுவிட்டு மாறாமல் ஒரே சீராக மாறியது. மின் பெட்டி இதற்கே உரியது, கூடவே இருந்தது. 4×5 கேரியர் கண்ணாடியுடன் இருந்தது. இந்த அளவு நெகட்டிவ் விளக்குச் சூட்டில் நெளிந்து ஃபோகஸை விட்டுப் போய்விடும் என்பதால் கண்ணாடி கட்டாயம் வேண்டும். மேல் கண்ணாடி, வழவழப்பான இரண்டு பரப்புகள் தொடும்போது விழும் வளையத்தைத் தடுக்கிற ஆன்டி-நியூட்டன் வகை. ஃபிலிமின் வழவழப்பான முதுகு படுகிற பக்கம் அது, வளையம் விழுவது அங்கேதான்.

கூடவே வந்த 150 மி.மீ. ரோடகான் லென்ஸில் டார்ச்சைக் குறுக்காகப் பிடித்துப் பார்த்தேன். ஓரத்தில் சிலந்தி வலை மாதிரி மெல்லிய பூஞ்சை. லென்ஸை விட்டுவிட்டு மற்றதை மட்டும் விலை பேசினேன். சரி என்றார்.

பிப்ரவரி 15

தூக்கி ஏற்ற இரண்டு பேர் வேண்டியிருந்தது. நல்ல கனம், அந்தக் கனம்தான் அதிராமல் நிற்க வைக்கிறது. தூணின் உச்சியைச் சுவரோடும் ஒரு கம்பியால் இறுக்கியிருக்கிறேன்.

அப்புறம் கண்ணாடிச் சோதனை. பலகையில் ஒரு முகக்கண்ணாடி. நெகட்டிவ் இருக்குமிடத்தில் கீழ்நோக்கி இன்னொன்று, அதன் நடுவில் ரசத்தைச் சுரண்டி ஒரு சின்னத் துளை. லென்ஸைக் கழற்றிவிட்டுத் துளை வழியே பார்த்தால் பிம்பத்துக்குள் பிம்பமாகப் போய்க்கொண்டே இருக்கும். எல்லாம் ஒரே மையத்தில் நின்றால் இரண்டு தளமும் இணை. எனக்கு வரிசை இடப்பக்கமாக வளைந்து போனது. திருகைக் கால் சுற்று திருப்பினேன், நேராகிவிட்டது. லென்ஸ் தளத்தையும் இதே மாதிரி பார்த்தேன், அதில் கை வைக்க வேண்டியிருக்கவில்லை.

பிப்ரவரி 22

நல்ல நிலையில் ஒரு 150 மி.மீ. காம்போனான்-எஸ் லென்ஸ் கிடைத்துவிட்டது. லென்ஸ் துளையை எஃப் 11-இல் வைத்து, நெகட்டிவ் இல்லாமல் ஒரு முழு 16×20 தாளை வெளிர் சாம்பல் வரும்படி எக்ஸ்போஸ் செய்தேன். மூலைகள் நடுவைவிட மிக லேசாக வெளுத்திருக்கின்றன. படம் போடும்போது ஓரத்துக்கு ஓரிரு விநாடி கூடுதலாகக் கொடுத்தால் ஈடாகிவிடும். நாளை முதல் நெகட்டிவை வைக்கிறேன்.