எங்கள் கறிவேப்பிலைக்கு வந்தது நோய் அல்ல

ராமநாதபுரம் மாவட்டத்தில் மண்டபம் என்ற ஊருக்குப் பக்கத்தில், கடலிலிருந்து நடந்தால் பத்து நிமிடத் தொலைவில் எங்கள் வீடு இருக்கிறது. திருமணமாகி இங்கு வந்த புதிதில் மொட்டைமாடியில் நான் முதலில் வைத்தது ஒரு கறிவேப்பிலைச் செடி. நான்காவது மாதத்தில் அதன் இலை நுனிகள், ஊதுவத்தியால் சுட்டதைப் போலப் பழுப்பாகக் கருகத் தொடங்கின. இரண்டு ஈர்க்குகளைப் பறித்துக்கொண்டு போய் உரக்கடையில் காட்டினேன். பூஞ்சை நோய் என்று ஒரு மருந்தைக் கொடுத்தார்கள். அது கேட்காமல் போகவே, அடுத்த முறை சத்துக்குறைவு என்று கலப்பு உரம் கொடுத்தார்கள். அதை இட்ட ஒரு வாரத்தில் பாதி இலைகள் உதிர்ந்துவிட்டன.

செடிக்கு நோயும் இல்லை, பசியும் இல்லை என்பதைப் பிறகுதான் தெரிந்துகொண்டேன். தொட்டியின் விளிம்பில், மண்ணுக்குச் சற்று மேலே, வெள்ளையாக ஒரு படலம் படிந்திருந்தது. நகத்தால் சுரண்டி நாக்கில் வைத்துப் பார்த்தபோது கரித்தது. எங்கள் ஆழ்துளைக் கிணற்று நீரை ஒரு பாட்டிலில் பிடித்துப் பரிசோதனைக்குக் கொடுத்தேன். நீரில் எவ்வளவு உப்பு இருக்கிறது என்பதைக் காட்டும் மின்கடத்துதிறன் மீட்டருக்கு 3.6 டெசிசீமன்ஸ் என்று வந்தது. டிடிஎஸ் கணக்கில், அதாவது ஒரு லிட்டரில் கரைந்துள்ள உப்புகளின் அளவாகச் சொன்னால், ஏறக்குறைய 2,300 மில்லிகிராம். பாசன நீரின் மின்கடத்துதிறன் 0.7-க்குள் இருந்தால் கவலை இல்லை, 3-ஐத் தாண்டினால் பெரும்பாலான செடிகள் தாங்காது என்பது பொதுவான கணக்கு. போதாக்குறைக்கு, என் மாமியார் கருவாடு கழுவிய தண்ணீரையும் அந்தத் தொட்டியிலேயே ஊற்றி வந்திருக்கிறார். "மீன் கழுவுன தண்ணி செடிக்கு நல்லதுன்னுதானம்மா ஊத்துனேன்" என்று அவர் வருத்தப்பட்டார். பச்சை மீன் கழுவிய தண்ணீரில் தவறே இல்லை, எங்கள் பக்கத்தில் எல்லா வீடுகளிலும் உள்ள பழக்கம்தான் அது. கருவாடு உப்பில் ஊறியது என்பதை நாங்கள் இருவருமே யோசிக்கவில்லை. நான் இட்ட உரமும் ஒரு வகை உப்புதான் என்பதால், எரிகிற இடத்தில் எண்ணெய் ஊற்றியதுபோல ஆகிவிட்டது.

நறுக்கிய மாங்காயில் உப்பைத் தூவிச் சற்று நேரம் வைத்தால் மாங்காய் நீர் விட்டுச் சுருங்குவதைச் சமையலறையில் தினமும் பார்க்கிறோம். மண்ணில் உப்பு ஏறும்போது வேருக்கும் ஏறக்குறைய இதுதான் நேர்கிறது. மண் ஈரமாகவே இருந்தாலும் வேரால் அந்த நீரை இழுக்க முடிவதில்லை. இலை வாடுவதைப் பார்த்து நாம் அதே உப்புத் தண்ணீரை இன்னும் ஒரு குவளை ஊற்றுகிறோம். நீர் ஆவியாகிவிடும், உப்பு தங்கிவிடும். இதனால்தான் சித்திரை, வைகாசியில் எங்கள் மாடிகளில் உள்ள செடிகள், நாள் தவறாமல் தண்ணீர் ஊற்றியும் கருகுகின்றன.

இதற்கு மருந்து கழுவுதல் ஒன்றுதான். தொட்டியை இரண்டு செங்கற்களின்மேல் தூக்கி வைத்து, அடித்துளை அடைபடாமல் இருப்பதைப் பார்த்துக்கொண்டு, தொட்டியின் கொள்ளளவைப் போல இரண்டு மடங்கு நல்ல தண்ணீரை, அரைமணி நேரத்துக்கு ஒருமுறை சிறிது சிறிதாக ஊற்றி வடிய விட வேண்டும். தள்ளுவண்டியில் வரும் தண்ணீரைக் குடக் கணக்கில் காசு கொடுத்து வாங்கும் ஊரில், இரண்டு குடத்தைச் செடிக்கு ஊற்றி வடிய விட மனம் வரவில்லைதான். ஆனாலும் ஊற்றினேன். முதலில் வடிந்த நீர் தேநீர் நிறத்தில் இருந்தது. கடைசியில் தெளிந்து வந்தது. மூன்று வாரத்தில் கருகிய இலைகளுக்கு மேலே, செம்பு நிறத்தில் புதுத் துளிர் விட்டது. ஜிப்சம் போட்டால் உப்பு போய்விடும் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். ஜிப்சம், சோடியம் ஏறி இறுகிப்போன களர் மண்ணுக்கு உரியது. எங்களுடையதுபோல் உப்பு ஏறிய உவர் மண்ணிலிருந்து அதை நீர்தான் வெளியேற்ற வேண்டும். அதேபோல, வீட்டில் குடிநீர் சுத்திகரிக்கும் கருவி வெளியேற்றும் கழிவுநீரைச் செடிக்கு விடுவதைத் தயவுசெய்து நிறுத்துங்கள். ஏற்கெனவே உவர்ப்பான நீரிலிருந்து பிரிந்து வருவதால் அது அதைவிட உவர்ப்பானது.

எங்கள் மாவட்டத்தில் ஆண்டு மழையின் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் கொட்டிவிடுகிறது. 100 சதுர அடி மாடியில் 1 சென்டிமீட்டர் மழை பெய்தால் ஏறக்குறைய 90 லிட்டர் கிடைக்கும். இரண்டு நீல பீப்பாய்களில் அதைப் பிடித்து மூடி வைக்கிறேன். தை, மாசி வரை அது போதுமானதாக இருக்கிறது. மணற்பாங்கான இடத்தில் வீடு உள்ளவர்கள் ஆழத்துக்குப் போர் போடுவதற்கு முன்பு, ஆழமில்லாத பழைய கிணறு இருந்தால் அதைத் தூர்வாரிப் பாருங்கள். மழைநீர் உப்பு நீரைவிட எடை குறைந்தது என்பதால் கடலோர மணலில் அது மேலாக மிதந்து நிற்கிறது. எங்கள் பக்கத்து ஊற்றுகளில் கையெட்டும் ஆழத்தில் நல்ல தண்ணீர் கிடைப்பதும், ஆழமாகத் தோண்டத் தோண்ட உவர்ப்பு ஏறுவதும் இதனால்தான்.

இலை மஞ்சளானால் எல்லாவற்றுக்கும் ஒரே காரணம் சொல்ல முடியாது. எந்த இலை முதலில் மாறியது என்பதைத்தான் நான் இப்போது முதலில் பார்க்கிறேன். உப்பு, முதிர்ந்த இலைகளின் நுனியிலும் ஓரத்திலும் கருகலாகத் தொடங்குகிறது. தழைச்சத்துக் குறைவில் அடி இலைகள் முழுவதுமாக வெளுக்கின்றன. நுனியிலுள்ள இளந்தளிர் மஞ்சளாகி, நரம்புகள் மட்டும் பச்சைக் கோடுகளாக நின்றால் அது இரும்புச்சத்துக் குறைவு. தங்கச்சிமடத்திலிருந்து வாங்கி வந்த மல்லிகைப் பதியன்கள் எங்கள் வீட்டில் இரண்டாம் ஆண்டில் இப்படித்தான் வெளுத்தன. அங்கிருந்து ஊர் ஊராக அனுப்பப்படும் பதியன்கள் அவை. குறை பதியனில் இல்லை. எங்கள் மண்ணில் சிப்பியும் பவளத் துணுக்கும் சுண்ணாம்பாகக் கலந்திருக்கின்றன. ஒரு கைப்பிடி மண்ணில் நாலு சொட்டு எலுமிச்சைச் சாற்றைப் பிழிந்தால் மெல்ல நுரைக்கிறது. அந்தச் சுண்ணாம்பில் இரும்பு இருந்தும் வேருக்கு எட்டாது. எனவே அதை மண்ணில் கொட்டாமல் இலைக்கே கொடுக்க வேண்டும்: 1 லிட்டர் நல்ல தண்ணீரில் 5 கிராம் அன்னபேதியும் (இரும்பு சல்பேட்), கரைசல் துருப்பிடித்ததுபோல் மாறாமல் இருக்க 1 கிராம் எலுமிச்சை உப்பும் (சிட்ரிக் அமிலம்) கலந்து, மாலையில் தெளிக்கலாம். மாதம் ஒருமுறை போதும். வெயிலில் தெளித்தால் மொட்டு கருகும்.

முண்டு மிளகாய் விளையும் மாவட்டத்தில் மிளகாய்ச் செடி இல்லாத வீடு அரிது. 2023-இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது எங்களுக்கு எவ்வளவு மகிழ்ச்சி! மிளகாய் இலை சுருண்டால், சுருள்வது எந்தப் பக்கம் என்று பாருங்கள். ஓரங்கள் மேல்நோக்கிப் படகுபோல் வளைந்தால் இலைப்பேன். கீழ்நோக்கிக் கவிழ்ந்து, காம்பும் நீண்டால் சிலந்திப்பேன். ஒரு வெள்ளைத் தாளைக் கீழே பிடித்துக் கொழுந்தைத் தட்டினால், இலைப்பேன்கள் மெல்லிய வைக்கோல் நிறக் கீறல்களாக விழுந்து நகர்வது கண்ணுக்குத் தெரியும். 1 லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், சிறிது சோப்புக் கரைசல் கலந்து, இலையின் அடிப்புறம் நனையும்படி வாரம் ஒருமுறை மாலையில் அடித்தால் தொடக்கத்திலேயே கட்டுப்படும். உவர் நீரில் சோப்பு திரிந்துவிடும் என்பதால் இதற்கும் மழைநீர்தான். இலைகள் சிறுத்துக் கொத்துக்கொத்தாகி, செடியே குட்டையாக நின்றுவிட்டால் அது வைரஸ், தயங்காமல் பிடுங்கிவிடுங்கள். செம்பருத்தியில் மாவுப்பூச்சி வந்தால் முதலில் எறும்பைத் தடுக்க வேண்டும். பூச்சி சுரக்கும் இனிப்புக்காக எறும்புகள்தான் அதைக் காவல் காக்கின்றன.

ஆடிக் காற்று வேறு கதை. கச்சான் என்று நாங்கள் சொல்லும் அந்தக் காற்று உப்புத் துகளை இலைமேல் கொண்டுவந்து ஒட்டுகிறது. நிலம் நன்றாக இருந்தாலும் கடல் பார்த்த பக்கத்து இலைகள் மட்டும் கருகும். காற்று கடுமையாக அடித்த மறுநாள் விடியலில் இலைகளை நல்ல தண்ணீரால் கழுவிவிடுகிறேன். தடுப்புக்கு நான் சுவரை நம்புவதில்லை, ஏனெனில் சுவரைத் தாண்டி வரும் காற்று அடுத்த பக்கம் சுழன்று இறங்கிச் செடியை முறிக்கிறது. பனையோலையை இடைவெளி விட்டுக் கட்டிய வேலி காற்றை வடிகட்டி, வேகத்தைக் குறைத்து விடுகிறது. எங்கள் முன்னோர் கொல்லைகளில் இதைத்தான் கட்டினார்கள்.

கடற்பாசியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். கரையில் ஒதுங்குவதை அப்படியே தொட்டியில் போட்டால் கருவாட்டுத் தண்ணீர் கதைதான். மழையில் நன்றாகக் கழுவப்பட்ட பிறகு, மற்ற மக்கும் பொருள்களோடு சேர்த்து மட்க வைத்தால் நல்ல உரம். தென்னை நார்க்கழிவுக் கட்டியும் உப்போடு வரலாம். இரண்டு மூன்று முறை ஊறவைத்துப் பிழிந்தபிறகே மண்ணோடு கலக்கிறேன்.

எல்லாச் செடியையும் இந்த மண்ணில் பிழைக்க வைத்துவிட முடியாது என்பதை ஏற்றுக்கொள்ளக் கொஞ்சம் நாளானது. பீன்ஸும் வெங்காயமும் எங்கள் தண்ணீரில் வருவதே இல்லை. முருங்கை, பாலக்கீரை, இலந்தை, சப்போட்டா ஆகியவை கலங்காமல் நிற்கின்றன. என் எலுமிச்சைச் செடிக்காக நான்கு வருடம் பாடுபட்டேன். ஒவ்வொரு மழைக்காலத்திலும் துளிர்த்து, ஒவ்வொரு கோடையிலும் நுனி கருகி, ஓர் ஆள் முட்டி உயரத்தைத் தாண்டவில்லை. போன தை மாதம் அதை வேர்மண்ணோடு பெயர்த்து, பரமக்குடியில் வைகைக் கரைப் பக்கம் இருக்கும் தங்கச்சி வீட்டுக்குக் கொடுத்துவிட்டேன். அந்தத் தொட்டியில் இப்போது சப்போட்டா ஒட்டு நிற்கிறது. முந்தாநாள் தங்கச்சி அனுப்பிய படத்தில் எலுமிச்சையில் ஏழு பூக்கள் இருந்தன; பெரிதாக்கிப் பார்த்தேன், இலை நுனிகள் எல்லாம் பச்சையாக இருக்கின்றன.