உயரம் இருந்தது, எடை இல்லை

கல்லூரிக் கூடைப்பந்து அணிக்குத் தேர்வானபோது என் உயரம் 198 சென்டிமீட்டர், எடை 74 கிலோ. சீக்கிரமே 'ஒட்டடைக்குச்சி' என்று பெயர் விழுந்தது. பெயரைப் பற்றிக் கவலையில்லை, கோர்ட்டில் நடந்ததுதான் தாங்க முடியவில்லை. ரீபவுண்டுக்காக, அதாவது வளையத்துக்குள் விழாமல் திரும்பி வரும் பந்துக்காக, வளையத்தடியில் இடம் பிடித்து நிற்பேன். என்னைவிட ஒரு சாண் குட்டையான ஒருவன் இடுப்பைத் தாழ்த்தி என் தொடையில் முட்டி ஒரு தள்ளு தள்ளுவான். நான் எல்லைக்கோட்டுக்கு வெளியே நிற்பேன், பந்து அவன் கையில் இருக்கும்.

இரண்டாம் ஆண்டு முடிவில் 86 கிலோவுக்கு வந்தேன். இதே உடம்புவாகோடு விளையாட வருபவர்களுக்கு உதவும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

எடைப் பயிற்சிக்குப் பொறுப்பான கோச் முதல் வாரம் என்னைப் பார்பெல் பக்கமே விடவில்லை. முதலில் இதயத்துக்கு எக்கோ (ஒலியலை ஸ்கேன்) எடுத்து வரச் சொன்னார். அதிக உயரம், ஒல்லியான உடல், நீண்ட கைவிரல்கள் எல்லாம் சேர்ந்திருந்தால் மார்ஃபான் நோய்க்குறி இருக்கிறதா என்று பார்த்துவிடுவது நல்லது. இது இணைப்புத் திசுவைப் பாதிக்கும் மரபணுக் கோளாறு. இதயத்திலிருந்து புறப்படும் பெருந்தமனி மெல்ல விரிந்து, ஒரு நாள் கிழிந்துவிடவும் கூடும். மூச்சை அடக்கிப் பெரிய எடையைத் தூக்கும்போது ரத்த அழுத்தம் எகிறும் என்பதால் இவர்களுக்கு அது ஆபத்து. பேய்லர் பல்கலைக்கழகத்தின் ஏழடி வீரர் ஐசையா ஆஸ்டினுக்கு 2014இல், அமெரிக்கத் தொழில்முறை லீக்கான என்பிஏவின் அணிகள் புது வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டுக்குச் சில நாட்கள் முன்புதான் இது இருப்பது தெரியவந்தது. விரித்த கைகளின் நீளத்தை உயரத்தால் வகுத்து 1.05ஐத் தாண்டுகிறதா என்று பார்ப்பது ஒரு அடையாளம், ஆனால் அதை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. எனக்கு எக்கோ சரியாக இருந்தது. நெட்டையான பையன்களுக்கு நான் சொல்லும் முதல் விஷயம் இதுதான், உணவும் ஜிம்மும் அதற்கு அப்புறம்.

அடுத்தது சாப்பாடு. "நான் நிறையத்தான் சாப்பிடுகிறேன், உடம்பில் ஒட்டவில்லை" என்று எல்லா ஒல்லிகளும் சொல்வதைத்தான் நானும் சொன்னேன். அதில் பாதி உண்மை உண்டு. 1999இல் வெளியான ஒரு ஆய்வில் 16 பேருக்கு எட்டு வாரம் தினமும் 1,000 கிலோ கலோரி கூடுதலாகக் கொடுத்தார்கள். ஒருவருக்கு அரைக் கிலோ கொழுப்புகூடக் கூடவில்லை, இன்னொருவருக்கு நான்கு கிலோவுக்கு மேல் கூடியது. கால் ஆட்டுவது, எழுந்து நடப்பது, நிமிர்ந்து உட்கார்வது போன்ற சின்னச் சின்ன அசைவுகள் சிலருக்குத் தானாகவே கூடிவிடுகின்றன என்பதுதான் விளக்கம். நான் உட்கார்ந்த இடத்தில் முழங்காலை ஆட்டிக்கொண்டே இருக்கும் ரகம். ஆகவே எவ்வளவு சாப்பிட்டேன் என்று கணக்குப் போடுவதைவிட, காலையில் வெறும் வயிற்றில் எடை பார்த்து, வாரச் சராசரி நகர்கிறதா என்று கவனிப்பதே எனக்கு உதவியது. நகரவில்லையென்றால் இன்னும் கொஞ்சம் சாப்பாடு. வாரத்துக்கு 200 முதல் 350 கிராம் ஏறினால் போதும் என்று வைத்துக்கொண்டோம். அதைவிட வேகமாக ஏறினால் பெரும்பாலும் கொழுப்பாகத்தான் சேரும், அதைத் தூக்கிக்கொண்டு குதிப்பது நம் முழங்கால்தான்.

புரதத்துக்கு உடல் எடையில் கிலோவுக்கு 1.6 கிராம் என்று கணக்கு, எனக்கு ஆரம்பத்தில் நாளுக்கு 120 கிராம் வந்தது. அது பெரிய சிரமமில்லை. மொத்தக் கலோரிதான் சிரமம். கடும் பயிற்சி முடிந்த கையோடு பசியே இருக்காது, ஆனால் குடிக்க முடியும். பால் கலந்த பானங்கள்தான் என்னைக் காப்பாற்றின. தசைக்குச் சக்தி தரும் துணைப்பொருளான கிரியேட்டினும் தினம் 5 கிராம் எடுத்தேன். முதல் வாரங்களில் எடை சட்டென்று ஏறியதைப் பார்த்து நண்பர்கள் வாய்பிளந்தார்கள். அது தசைக்குள் சேரும் தண்ணீர், தசை இல்லை.

ஜிம்மில் நீண்ட கால்கள் தனிப் பிரச்சினை. தொடை எலும்பு நீளமாக இருந்தால், முதுகில் பார்பெல் வைத்து உட்கார்ந்து எழும் ஸ்குவாட் செய்யும்போது உடம்பு முன்னால் அதிகமாகச் சாய்ந்து சுமை இடுப்புக்கும் கீழ்முதுகுக்கும் போய்விடும். அதனால் எடையை முன்னால் பிடித்துச் செய்யும் ஸ்குவாட், அறுகோணச் சட்டமான ட்ராப் பாருக்குள் நின்று எடையைத் தரையிலிருந்து தூக்கும் டெட்லிஃப்ட், ஒற்றைக்கால் பயிற்சிகள் இவற்றோடு போனோம். மல்லாந்து படுத்து பாரை மேலே தள்ளும் பெஞ்ச் பிரஸ்ஸிலும் கை நீளம் என்றால் பார் போகவேண்டிய தூரமும் அதிகம், எண்கள் எப்போதும் கேவலமாகத்தான் இருக்கும். 2007இல் டிராஃப்டுக்கு முந்தைய சோதனையில் கெவின் டுரான்ட்டால் 185 பவுண்டை, அதாவது சுமார் 84 கிலோவை, ஒரு தடவைகூடத் தூக்க முடியவில்லை. இரண்டாவது ஆளாகத் தேர்வானார், 2014இல் லீக்கின் மிகச் சிறந்த வீரருக்கான எம்விபி விருதும் பெற்றார். இதைக் கேள்விப்பட்ட பிறகு நான் பெஞ்ச் எண்ணைக் குறித்து வைப்பதை விட்டுவிட்டேன். வளையத்தடியில் தள்ளுமுள்ளுக்கு வேண்டியது தொடை, புட்டம், நடுவுடல். மார்பு கண்ணாடிக்குத்தான்.

ஆரம்ப வாரங்களில் எடை ஏறாமலே பலம் ஏறும். நரம்புகள் இருக்கிற தசையை இன்னும் நன்றாக வேலை வாங்கக் கற்றுக்கொள்வதால் வருவது அது. ஆனால் தசையின் வேகத்துக்கு, அதை எலும்போடு இணைக்கும் தசைநாண் பழகாது. முதல் கோடைப் பயிற்சியின் நடுவில் முழங்கால் சில்லுக்குக் கீழே வலி ஆரம்பித்தது, குதிக்கும் விளையாட்டுக்காரர்களுக்கு வழக்கமாக வருவது. பிசியோ முழு ஓய்வு கொடுக்கவில்லை. குதிப்பதைக் குறைத்து, லெக் எக்ஸ்டென்ஷன் மெஷினில் கனமான எடையை அசையாமல் 45 நொடி பிடித்து நிறுத்தச் சொன்னார், ஐந்து முறை, இடையில் இரண்டு நிமிடம் இடைவெளி. பிடித்து முடித்ததும் வலி கொஞ்ச நேரத்துக்கு மட்டுப்படும், அந்த நேரத்தில் மற்ற பயிற்சிகளைச் செய்துகொள்ளலாம். சலிப்பான வேலைதான், ஆனால் பலன் இருந்தது.

இதெல்லாம் போட்டிகள் இல்லாத ஆஃப் சீசன் கதை. உண்மையான போராட்டம் சீசனில்தான். பயணம், ஆட்டம், தேர்வு என்று சாப்பாட்டு நேரம் கலைந்துவிடும், ஓட்டம் கூடிவிடும், மாதக்கணக்கில் ஏற்றிய எடை சில வாரங்களில் இறங்கும். முதல் சீசனில் ஏறியதில் பெரும்பகுதி கரைந்தது. இரண்டாவது சீசனில் வாரம் இரண்டு நாள் சின்னதாக, ஆனால் கனமாக எடைப் பயிற்சியைத் தொடர்ந்தோம். ஆட்டத்துக்கு மறுநாளும் விடவில்லை, செட்டுகளை மட்டும் குறைத்தோம். பையில் எப்போதும் தின்பதற்கு ஏதாவது இருக்கும். தூக்கத்தையும் கூட்டினேன். 2011இல் வெளியான ஒரு ஆய்வில், ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகக் கூடைப்பந்து வீரர்களை இரவில் பத்து மணி நேரம் படுக்கையில் இருக்கச் சொல்லிப் பார்த்தபோது, யாரும் தடுக்காமல் எறியும் ஃப்ரீ த்ரோவின் துல்லியம் 9 சதவீதம் கூடியது. வீரர்கள் 11 பேர்தான், ஒப்பிட வேறு குழுவும் இல்லை, அதனால் அந்த எண்ணை அப்படியே நம்பவில்லை. பத்து மணி நேரமும் எனக்கு வாய்க்கவில்லை. ஆனால் ஒன்பது மணி நேரம் தூங்கிய வாரங்களில் எடை இறங்கவில்லை.

86 கிலோவில், ரீபவுண்டுக்காக எதிராளியை முதுகால் தடுத்து நிற்கும் பாக்ஸ் அவுட்டில் நின்ற இடத்தில் நிற்கிறேன். குதிக்கும் உயரம் குறையவில்லை, லேசாகக் கூடியும் இருக்கிறது. யாரும் எச்சரிக்காத ஒரு விஷயம், தூரத்து ஷாட் கொஞ்ச காலம் நீளமாகப் போனது. கால் தரும் விசை மாறியதால் பந்தை விடும் நேரத்தைத் திரும்பப் பழக வேண்டியிருந்தது.

இப்போது கோச் 92 கிலோ வேண்டும் என்கிறார். எனக்கு இந்த வருடம் அதில் சம்மதமில்லை. யானிஸ் அன்டெட்டோகும்போ 2013இல் என்பிஏவுக்குள் வந்தபோது அணிப் பட்டியலில் அவர் எடை 89 கிலோ, பின்னால் 110. அதற்கு வருடங்கள் பிடித்தன, அவருக்கென்று ஒரு முழுக் குழுவே இருந்தது. நான் கேட்டது ஒரு சீசன் முழுவதும் 86இலேயே நிற்க வேண்டும், முழங்கால் வலி இல்லாமல். மார்ச்சில் எடை பார்த்துவிட்டுப் பேசலாம் என்று சொல்லியிருக்கிறார்.