கொலுவுக்குப் பை, குன்னூருக்குத் தொப்பி

இந்த ஆண்டு நவராத்திரித் தாம்பூலத்துக்குக் கடையில் பை வாங்குவதில்லை என்று ஆடி மாதமே முடிவு செய்துவிட்டேன். அதே சமயத்தில்தான் குன்னூரில் இருக்கும் தங்கைக்கு ஐப்பசியில் பிரசவம் இருக்கும் என்று மருத்துவர் சொன்னார். மாமாவுக்கு மார்கழியில் நடைப்பயிற்சிக்குப் போட்டுக்கொள்ள ஒரு மப்ளர் பின்னித் தருவதாகப் போன வருடமே சொல்லியிருந்தேன். ஆக, தையல் ஒரு பக்கம், பின்னல் ஒரு பக்கம், நடுவில் அலுவலகம், இரண்டு பிள்ளைகளின் பள்ளிக்கூடம், வீடு. இதுவரை எது முடிந்தது, எது கையில் இருக்கிறது என்று எழுதி வைக்கிறேன். என்னைப் போல நேரத்தைத் தேடிப் பிடிக்க வேண்டியிருப்பவர்களுக்கு உதவும்.

வேலைகளை நான் இரண்டாகப் பிரித்துக்கொண்டேன்: பாதியில் வைத்துவிட்டு எழுந்துபோகக்கூடியவை, அப்படி எழுந்துபோக முடியாதவை. பின்னல் முதல் வகை. ஒரு வரிசை முடிந்ததும் ஊசியோடு சுருட்டிப் பையில் போட்டுவிடலாம். குக்கர் விசிலுக்கும் எழலாம், பஸ் வந்தாலும் ஏறலாம். துணி வெட்டுவது இரண்டாம் வகை. தரையில் புடவையை விரித்து அளவு குறிக்க ஆரம்பித்துவிட்டால் முடிக்கும்வரை அந்த அறைக்குள் யாரும் வரக்கூடாது. மிஷின் வேலை இரண்டுக்கும் நடுவில். இதைத் தெளிவாக்கிக்கொண்ட பிறகு எனக்கு நேரம் போதவில்லை என்ற எண்ணம் வெகுவாகக் குறைந்தது. மகளின் வீணை வகுப்பு வாசலில் காத்திருக்கும் நேரம் முழுவதும் பின்னலுக்கு. பிள்ளைகள் தூங்கிய பிறகு ஓர் இரவு வெட்டுவதற்கு மட்டும், இன்னோர் இரவு மடித்து இஸ்திரி போடுவதற்கு மட்டும். மிஷின் சத்தம் கீழ்வீட்டுக்குக் கேட்கும் என்பதால் தைப்பது பகலில்தான், அதுவும் ஞாயிற்றுக்கிழமையில்.

முதலில் பைகள். அத்தையின் பழைய சுங்குடிப் புடவைகள் ஒரு டிரங்குப் பெட்டி நிறைய இருந்தன. எடுத்துக்கொள்ளச் சொன்னவர், வெட்டுவதற்கு முன்பு ஒவ்வொன்றையும் தானே பார்க்க வேண்டும் என்றார். ஜன்னலில் வெயில் அடிக்கும்போது புடவையை முழம் முழமாக உயர்த்திப் பிடித்து, வெளிச்சம் அதிகமாக ஊடுருவும் இடங்களில் என்னிடம் சாக்பீஸால் குறி போடச் சொன்னார். கொசுவம் வரும் இடமும், காலடியில் உரசும் கீழ்ப்பகுதியும்தான் அதிகம் நைந்திருந்தன. முந்தானை எல்லாப் புடவைகளிலும் கெட்டியாகவே இருந்தது. கண்ணால் மட்டும் பார்த்தால் தெரியாத நைவு அந்த வெளிச்சத்தில் பளிச்சென்று தெரிந்தது.

ஒரு புடவையை மட்டும் அவர் தரவில்லை. அரக்கு நிறத்தில், நிஜமாகவே கையால் முடிச்சுப் போட்டுச் சாயம் தோய்த்த மதுரைச் சுங்குடி. சௌராஷ்டிர மக்கள் வழிவழியாகச் செய்துவரும் வேலை அது. 2005இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. துணியை நுனிவிரலால் கிள்ளி, நூலால் இறுக்கிக் கட்டிச் சாயத்தில் முக்கி எடுப்பார்கள். கட்டிய இடத்தில் சாயம் ஏறாமல் வெள்ளைப் புள்ளி விழும். புள்ளிகள் ஒன்றைப் போல ஒன்று இருக்காது. தடவிப் பார்த்தால் மெல்லிய சுருக்கம் கூடத் தெரியும். மெழுகு அச்சிலும் ஸ்கிரீனிலும் போட்ட புள்ளிகள் அப்படியல்ல, எல்லாம் ஒரே அளவில் வரிசை பிசகாமல் நிற்கும். முடிச்சுப் புடவையைப் பையாக வெட்டக் கூடாது, குழந்தைக்கு விரிப்பாகப் போகட்டும் என்று அத்தை சொன்னார். எனக்கும் அதுவே சரி என்று பட்டது. அச்சுப் புடவைகளைத்தான் பைக்கு எடுத்துக்கொண்டேன்.

அளவு இதுதான். ஒரு பைக்கு 12 இஞ்ச் அகலம், 24 இஞ்ச் நீளத்தில் ஒரே துண்டு. நடுவில் மடித்தால் அடிப்பக்கத்தில் தையலே வராது, தேங்காயின் கனத்தை அந்த இடம் தாங்கும். பக்கத்துக்கு அரை இஞ்ச் தையலுக்கு, மேல்வாய் மடிப்புக்கு ஒன்றரை இஞ்ச், அடியில் 3 இஞ்ச் தட்டையாக உட்காருவதற்கு. எல்லாம் போக 8 இஞ்ச் அகலமும் 9 இஞ்ச் உயரமும் உள்ள பை கிடைக்கும். தேங்காய், வெற்றிலை பாக்கு, மஞ்சள் குங்குமம், ரவிக்கைத் துணி, ஒரு சுண்டல் பொட்டலம் எல்லாம் அடங்குகின்றன.

புடவையின் இரு கரைகளையும் முதலிலேயே 4 இஞ்ச் அகலத்தில் நீளவாக்கில் கிழித்துத் தனியே வைத்துவிட்டேன். பருத்தியை நூல் போக்கில் கிழித்தால் கத்தரியைவிட நேராக வரும். நாலாக மடித்துத் தைத்தால் ஒரு இஞ்ச் கைப்பிடி. ஐந்தரை மீட்டர் புடவையில் இரண்டு கரைகளையும் 12 இஞ்ச் துண்டுகளாக்கினால், பைக்கு இரண்டாக 18 பைகளுக்குக் கைப்பிடி கிடைக்கிறது. நைந்த இடங்களை ஒதுக்கிய பிறகு உடல் பகுதியும் ஏறக்குறைய அதே கணக்குக்குத்தான் வருகிறது. கரை வீணாகாமல் பையின் அழகே அதனால்தான் என்றாகிவிட்டது. மாம்பழ மஞ்சள் உடம்புக்குப் பச்சைக் கரைக் கைப்பிடி எவ்வளவு எடுப்பாக இருக்கிறது தெரியுமா!

பழைய புடவை தனியாக நிற்காது என்பதால் உள்ளே காடா துணி, அதாவது வெளுக்காத முரட்டுப் பருத்தித் துணி, கொடுத்தேன். கோவையில் இருப்பவர்களுக்குக் காடாவைத் தேடி அலைய வேண்டாம்; சோமனூர், பல்லடம் பக்கத்து விசைத்தறிகளில் நெய்யப்படுவது பெரும்பாலும் அதுதான். வெட்டுவதற்கு முன்பு ஓர் இரவு முழுவதும் தண்ணீரில் ஊறவைத்து, அலசிக் காயப்போட்டு, இஸ்திரி போட்டுக்கொள்ள வேண்டும். கஞ்சி போய்த் துணி நன்றாகச் சுருங்கும். பல முறை துவைத்த புடவை இனிமேல் சுருங்காது; காடா மட்டும் பிறகு சுருங்கினால் பை கோணலாகிவிடும்.

துணியோரம் பிசிறாமல் அடிக்கும் ஓவர்லாக் மிஷின் என்னிடம் இல்லை. அதனால் பிரெஞ்சுத் தையல். நல்ல பக்கம் வெளியே தெரியும்படி வைத்துக் கால் இஞ்ச்சுக்குச் சற்றுக் குறைவாக ஒரு தையல், பிறகு பையைப் புரட்டி உள்பக்கத்தில் கால் இஞ்ச்சுக்குச் சற்றுக் கூடுதலாக இன்னொன்று. பிசிறு முழுவதும் உள்ளே அடைபட்டுவிடும். பையைத் திறந்து பார்ப்பவர் கண்ணில் ஒரு நூல்கூடத் தொங்காது. அடிமூலை இரண்டையும் முக்கோணமாக இழுத்து, 3 இஞ்ச் அகலம் வரும் இடத்தில் குறுக்கே அடித்தால் பை தரையில் தானாக நிற்கும்.

கைப்பிடி சேரும் இடத்தில் மட்டும் நிதானம் வேண்டும். புடவை, காடா, வாய் மடிப்பு, நாலாக மடித்த கரை என்று அங்கே பத்து அடுக்குத் துணி சேர்ந்துவிடுகிறது. 16ஆம் எண் ஊசி போட்டு, மோட்டாரை நிறுத்திவிட்டுச் சக்கரத்தைக் கையால் சுற்றித் தைத்தேன். சதுரமாக ஒரு தையல், அதற்குள் மூலைக்கு மூலை பெருக்கல் குறி. ஒரு தேங்காய் அரைக் கிலோவுக்கு மேல் இருக்கும். அந்தப் பெருக்கல் குறி இல்லாமல் கைப்பிடி நிலைக்காது.

நேரத்தை மிச்சப்படுத்தியது இன்னொரு வழக்கம். ஒரு பையை ஆரம்பம் முதல் முடிவு வரை தைக்காமல், எல்லாப் பைகளுக்கும் ஒரே தையலை ஒரே மூச்சில் போடுவது. ஒன்று முடிந்ததும் நூலை அறுக்காமல் அடுத்ததை ஊசிக்கு அடியில் கொடுத்துக்கொண்டே போனால், மிஷினுக்குப் பின்னால் பைகள் தோரணம் போல இறங்குகின்றன. நடுநூலை அறுத்துப் பிரிப்பது மகளின் வேலை. கரைக்கும் உடம்புக்கும் நிறம் பொருத்திக் கொடுத்ததும் அவள்தான். எனக்குத் தோன்றாத சேர்க்கைகள். நீலத்துக்குக் கத்தரிப்பூ நிறத்தைச் சேர்ப்பாள் என்று நான் நினைக்கவே இல்லை.

கொலுவுக்கு வந்தவர்கள் பையைப் புரட்டிப் பார்த்துவிட்டு, இது உங்கள் புடவைதானே என்று அத்தையிடம் கேட்டார்கள். எதிர்வீட்டு மாமிக்கு அந்தப் புடவையை அத்தை எந்தக் கல்யாணத்துக்குக் கட்டினார் என்பதுகூட நினைவிருந்தது. அன்று மாலை அத்தையின் முகத்தைப் பார்த்தபோது, இந்த வேலைக்கு இன்னும் எத்தனை ஞாயிற்றுக்கிழமைகள் கேட்டாலும் கொடுக்கலாம் என்று இருந்தது.

இடையில் ஒரு சுருக்குப் பை. வீட்டு வேலைக்கு உதவியாக வரும் அக்கா கைப்பேசியை இடுப்பில் செருகிக்கொண்டுதான் பாத்திரம் துலக்குவார். தாம்பூலப் பை அவருக்கு என்ன உபயோகம்? என்ன வேண்டும் என்று கேட்டேன். கைப்பேசி நனையாத பை, சில்லறைக்குத் தனி அறை, இடுப்பில் முடிகிற நாடா என்று தயங்காமல் சொன்னார். அவருடைய கைப்பேசியையே துணிமேல் வைத்துச் சுற்றிலும் ஒரு இஞ்ச் விட்டு வரைந்து வெட்டினேன். உள்ளே பழைய குடைத்துணி. பரிசு கொடுக்க நினைப்பவர் முதலில் கேட்டுவிடுவதே நல்லது என்று எனக்குப் படுகிறது. திடீரென்று கொடுத்து மகிழ்விப்பதைவிட, அவர் அதை தினமும் இடுப்பில் கட்டிக்கொண்டு வருவதைப் பார்ப்பதுதான் எனக்குப் பெரிது.

இனிப் பின்னல். குழந்தைக்குப் பருத்தி நூல்தான் நல்லது என்று பொதுவாகச் சொல்வார்கள்; கோவைக் குழந்தையாக இருந்தால் நானும் அதைத்தான் வாங்கியிருப்பேன். குன்னூர் வேறு. கடல் மட்டத்துக்கு 1,800 மீட்டருக்கு மேல் இருக்கும் ஊர். மலையின் கிழக்குச் சரிவில் இருப்பதால் ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை அங்கே விடாமல் பெய்யும். துவைத்த துணி நாள்கணக்கில் ஈரமாகவே தொங்கும். பருத்தி நீரைக் குடித்துக்கொண்டு காயவே காயாது. அக்ரிலிக் நூல் சீக்கிரம் உலரும், குத்தாது, அடிக்கடி துவைக்கலாம். ஆனால் அதன்மேல் சூடான இஸ்திரிப் பெட்டி படவே கூடாது; நூல் உருகித் துவண்டு, இழுவை போய்விடும். இதை ஒரு சீட்டில் எழுதித் தொப்பியோடு வைத்து அனுப்பினேன்.

ஊசி எண் பற்றி ஒரு வார்த்தை. நம் கடைகளில் விற்பவை பழைய பிரிட்டிஷ் எண் முறைப்படி வருகின்றன. எண் கூடக்கூட ஊசி மெலியும்: 8 என்றால் 4 மில்லிமீட்டர், 10 என்றால் 3.25, 12 என்றால் 2.75. அமெரிக்க எண் நேர் எதிர். அங்கே 4 மில்லிமீட்டர் ஊசிக்கு 6 என்று பெயர். காணொளி பார்த்துப் பின்னுபவர்கள் எண்ணை விட்டுவிட்டு மில்லிமீட்டரைப் பார்ப்பதே நிம்மதி.

தொப்பிக்கு முதலில் ஒரு சின்னச் சதுரம் பின்னி அளந்தேன். 10 சென்டிமீட்டரில் 24 கண்ணிகள், அதாவது ஊசியில் ஏறும் நூல் வளையங்கள், வந்தன. பிறந்த குழந்தையின் தலைச் சுற்றளவு சுமார் 35 சென்டிமீட்டர். மூன்று மாதத்தில் அது 40ஐ நெருங்கிவிடும். பிறந்தவுடன் போடும் அளவில் பின்னினால் குளிர் உச்சத்துக்கு வரும்போது தொப்பி பத்தாது. ஆகவே 40க்குத் திட்டமிட்டேன். பின்னல் இழுபடும், தலையைக் கவ்விப் பிடிக்கவும் வேண்டும் என்பதால் 36 சென்டிமீட்டர் கணக்கு: 86 கண்ணிகள். இரண்டு நிட் (முன்பக்கக் கண்ணி), இரண்டு பர்ல் (பின்பக்கக் கண்ணி) என்று மாற்றி மாற்றி ரிப், அதாவது இழுபடும் வரிப் பின்னல், போடுவதற்கு நாலால் வகுத்து இரண்டு மிஞ்ச வேண்டும். 86 அப்படியே பொருந்துகிறது. உச்சியில் குறைக்கும்போது ஓரத்துக்கு ஒன்றாக இரண்டை இணைப்புத் தையலுக்கு விட்டால் மீதி 84. அதை ஏழு பங்காக, பங்குக்குப் பன்னிரண்டாகப் பிரித்து, ஒரு வரிசை விட்டு ஒரு வரிசை ஒவ்வொரு பங்கிலும் ஒரு கண்ணி குறைத்தேன். உச்சியில் ஏழு கோடுகள் சுழன்று கூடின. இந்தக் கணக்கு இப்படி வந்து பொருந்தும்போது கிடைக்கும் சந்தோஷத்துக்காகவே நான் பின்னுகிறேன் என்று சொல்லலாம்.

உச்சியில் குஞ்சம் வைக்கவில்லை. தொப்பியோடு சேர்த்துப் பின்னிய காலுறைக்கு ரிப்பன் கட்டவில்லை; கணுக்காலில் ரிப் போட்டாலே கழலாமல் நிற்கிறது. காலுறையின் உள்பக்கத்தில் நூல் நுனி ஒன்றுகூடத் தளர்ந்து கிடக்கக் கூடாது. குழந்தையின் விரலில் சுற்றிக்கொண்டால் இரத்த ஓட்டமே தடைப்படும். புரட்டிப் போட்டு விரலை நுழைத்து ஒவ்வொரு மூலையையும் தடவிப் பார்த்துவிட்டுத்தான் கூரியரில் அனுப்பினேன்.

மாமாவின் மப்ளர் பாதி வந்திருக்கிறது. கருநீலம், 8ஆம் எண் ஊசி. மப்ளருக்கு இரண்டு பக்கமும் வெளியே தெரியும். ஒரு பக்கம் நிட், மறுபக்கம் பர்ல் என்று வெறுமனே பின்னினால் ஓரம் சுருண்டுகொள்ளும். முழுவதும் ரிப் போட்டால் இருபுறமும் ஒன்றுபோல இருக்கும், தட்டையாகவும் கிடக்கும். ஒவ்வொரு வரிசையிலும் முதல் கண்ணியைப் பின்னாமல் ஊசி மாற்றுவதால் ஓரம் சங்கிலி போட்டது போல நேராக வருகிறது. இதற்கு மேல் சொல்ல ஒன்றும் இல்லை, பேசிக்கொண்டே பின்னலாம்.

இப்போது மனம் முழுவதும் அந்த அரக்குச் சுங்குடியில்தான். இரண்டு அடுக்காக மடித்து, நடுவில் காடாவுக்குப் பதில் அத்தையின் மிக மெல்லிய வெள்ளை ‘வாயில்’ (voile) புடவையை வைத்து, கையால் ஓட்டுத் தையல். சாயம் விடுகிறதா என்று ஈரமான வெள்ளைத் துணியால் தேய்த்துப் பார்த்துவிட்டேன். குழந்தை எதையும் வாயில் வைக்கும் அல்லவா. தையலுக்குக் கோடு போடவில்லை. உதகைப் பக்கம் தோடர் பெண்கள் வரைபடமே இல்லாமல், துணியின் இழைகளை எண்ணியே சிவப்பும் கருப்புமாகப் பூவேலை செய்வதைப் பார்த்திருக்கிறேன். எனக்கு அந்தக் கை இல்லை, ஆனால் புள்ளிகள் இருக்கின்றன. ஒரு வெள்ளைப் புள்ளியில் ஊசி நுழைந்து அடுத்த புள்ளியில் எழுகிறது. சமமில்லாத புள்ளிகள் என்பதால் தையலும் கொஞ்சம் நீண்டு கொஞ்சம் குறுகி, துணியோடு ஒட்டிப் போகிறது. ஒரு பக்கத்தை நான் ஆரம்பித்தேன், எதிர்ப்பக்கத்தை அத்தை எடுத்துக்கொண்டார். மதியம் நான் அலுவலகத்தில் இருக்கும்போது அவர் தைத்து வைக்கிறார், இரவில் நான் தொடர்கிறேன். நடுப்பகுதிக்கு இன்னும் ஒரு சிட்டம் வெள்ளை நூல் வேண்டும். நாளை திரும்பி வரும்போது டவுன்ஹாலில் இறங்கி வாங்க வேண்டும்.