ராத்திரியோடு ராத்திரியாக அணைந்துபோகும் விஎம்

காலையில் பார்த்தால் ஒரே ஒரு விஎம் (ஒரு கணினிக்குள் ஓடும் மெய்நிகர் கணினி) மட்டும் அணைந்து கிடக்கும். அதைத் திரும்ப ஏற்றி, உள்ளே லாக்கை எவ்வளவு துருவினாலும் ஒன்றும் கிடைக்காது. ஷட்டவுன் ஆன தடயமே இருக்காது. ஓடிக்கொண்டிருந்த லாக் சட்டென்று நின்றிருக்கும். தேட வேண்டிய இடம் ஹோஸ்டின், அதாவது விஎம்களைச் சுமக்கும் நிஜக் கணினியின், கர்னல் லாக். அங்கே 'அவுட் ஆஃப் மெமரி, கில்டு ப்ராசஸ்' என்ற வரியும் பக்கத்திலேயே விஎம்மை ஓட்டும் மென்பொருளான கியூஇஎம்யூவின் பெயரும் இருந்தால் விஷயம் முடிந்தது: ஹோஸ்டில் ரேம் தீர்ந்து, இடம் மீட்க ப்ராசஸ்களை நிறுத்தும் கர்னலின் ஓஓஎம் கில்லர் அந்த விஎம்மைக் கொன்றிருக்கிறது.

லினக்ஸ் கர்னலின் விஎம் வசதியான கேவிஎம்மில் ஒவ்வொரு விஎம்மும் ஹோஸ்டின் கண்ணுக்குச் சாதாரண ப்ராசஸ்தான். ஓஓஎம் கில்லர் பெரும்பாலும் அதிக மெமரி பிடித்திருப்பதைத்தான் தேர்ந்தெடுக்கும். அதனால் பேக்கப் வேலை ஒன்று ரேமைத் தின்றாலும், பலியாவது நன்றாக ஓடிக்கொண்டிருந்த டேட்டாபேஸ் விஎம்தான்.

முதல் நாளே ஏன் இப்படி ஆவதில்லை? விஎம்முக்கு 8 ஜிபி என்று எழுதிவிட்டாலும், அது தொட்ட பேஜுக்கு (மெமரியின் சிறு துண்டு) மட்டுமே ஹோஸ்ட் நிஜமான ரேமைக் கொடுக்கிறது. புது லினக்ஸ் கெஸ்ட் (விஎம்முக்குள் ஓடும் ஓஎஸ்) ஒன்றரை ஜிபியோடு அடக்கமாக இருக்கும். நாள் போகப் போக கெஸ்ட் படித்த கோப்புகளை ரேமில் வைத்துக்கொள்ளும் பேஜ் கேஷ் வளர்ந்து 8 ஜிபியையும் தொட்டுவிடும். பிறகு கெஸ்ட் அதை விடுவித்தாலும் ஹோஸ்டுக்கு அது தெரியாது. பிடித்தது பிடித்தபடியே இருக்கும். எல்லா விஎம்மும் ஒருநாள் தன் முழு அளவையும் பிடிக்கும் என்று வைத்துக்கொண்டுதான் கணக்குப் போட வேண்டும்.

64 ஜிபி ஹோஸ்டில் 8 ஜிபி வீதம் ஏழு விஎம், மொத்தம் 56, மிச்சம் 8 என்பது பார்க்க நன்றாக இருக்கிறது. ஆனால் கர்னல் தனக்கு எடுத்துக்கொண்டது போகக் கையில் வருவது 62 ஜிபி சொச்சம். ஹோஸ்ட் ஓஎஸ்ஸுக்கு 2 ஜிபி வையுங்கள். ஒவ்வொரு விஎம்முக்கும் கெஸ்ட் ரேமுக்கு மேலே கியூஇஎம்யூவின் சொந்தச் செலவு சில நூறு எம்பி உண்டு. ஏழுக்கும் 3 ஜிபி என்று ஒதுக்குவது நல்லது. அதற்குமேல், டிஸ்கில் இசட்எஃப்எஸ் ஃபைல் சிஸ்டம் இருந்தால், அது ரேமில் வைத்துக்கொள்ளும் ஏஆர்சி கேஷ். லினக்ஸில் ஓப்பன்இசட்எஃப்எஸ் 2.3க்கு முந்தைய பதிப்புகளில் இதன் உச்சவரம்பு இயல்பாகவே மொத்த ரேமில் பாதி, அதாவது இங்கே 32 ஜிபி. நெருக்கடி வந்தால் ஏஆர்சி சுருங்கும்தான், ஆனால் திடீரென்று கேட்டால் அந்த வேகத்துக்குச் சுருங்காது. ஏஆர்சி உச்சவரம்பை 4294967296 பைட், அதாவது 4 ஜிபி என்று மாட்யூல் அமைப்பில் எழுதி, ரூட்டும் இசட்எஃப்எஸ்ஸிலேயே இருந்தால் பூட்டின் தொடக்கத்தில் ஏறும் இனிட்ராம்எஃப்எஸ்ஸையும் புதுப்பித்துவிடுங்கள். எல்லாம் போக மிச்சம் சுமார் 53 ஜிபி. ஆறு விஎம்முக்கு 48 ஜிபி, ஏழாவதற்கு இடமில்லை.

ஓடும் விஎம்மிடமிருந்து ரேமைத் திரும்பப் பெறும் பலூன் இருக்கிறதே என்பார்கள். பலூன் புதிதாக ரேமை உண்டாக்காது. கெஸ்டுக்குள் இருக்கும் டிரைவர் கெஸ்ட் கர்னலிடம் மெமரி கேட்டு வாங்கி, அந்தப் பேஜ்களை ஹோஸ்டிடம் ஒப்படைக்கிறது, அவ்வளவுதான். எவ்வளவு சுருக்கலாம் என்பதை 'வெர்ஷ் டோம்மெம்ஸ்டாட்' கட்டளை சொல்லும். முதலில் 'பீரியட்' (எண்களைப் புதுப்பிக்கும் இடைவெளி) 10 நொடி என்று அமைத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் பழைய எண்களே நிற்கும். 'ஆக்சுவல்' (கெஸ்டுக்குக் கொடுத்தது) 8388608 கேபி, 'ஆர்எஸ்எஸ்' (ஹோஸ்டில் பிடித்தது) அதைவிடச் சற்று அதிகம், 'யூசபிள்' (கெஸ்ட் விட்டுத்தரக்கூடியது) 5900000 கேபி என்று வந்தால், ஹோஸ்டிடம் 8 ஜிபியைப் பிடித்துக்கொண்டு நிஜத்தில் இரண்டரை ஜிபிகூடப் பயன்படுத்தவில்லை என்று அர்த்தம். இங்கே 'அன்யூஸ்டு' எண்ணைப் பார்த்து ஏமாறாதீர்கள், அதில் கேஷ் சேராது. 'செட்மெம்' கட்டளையால் 512 எம்பி வீதம் படிப்படியாக 4 ஜிபிக்கு இறக்கலாம். ஒவ்வொரு படியிலும் கெஸ்டில் விஎம்ஸ்டாட் கட்டளையின் எஸ்ஐ, எஸ்ஓ (ஸ்வாப் எனும் டிஸ்க் இடத்திலிருந்து ரேமுக்கும், ரேமிலிருந்து அதற்கும் போவது) இரண்டும் சுழியத்திலேயே நிற்கிறதா என்று பாருங்கள். அசைந்தால் ஒரு படி மேலே போய் நின்றுவிடுங்கள். ஜாவா ஹீப், டேட்டாபேஸ் பஃபர் போல ஒரேயடியாகப் பிடித்துவைக்கும் விஎம்மில் பலூனை ஊதினால் கெஸ்ட் ஸ்வாப்புக்குப் போகும், அல்லது உள்ளேயே ஓஓஎம் நடக்கும். பிசிஐ பாஸ்த்ரூ (ஹோஸ்டின் கார்டை நேரடியாகக் கொடுப்பது) கொடுத்த விஎம்மில் கெஸ்ட் ரேம் முழுவதும் தொடக்கத்திலேயே அசையாமல் பூட்டி வைக்கப்படுவதால் பலூனால் பயனில்லை.

ரேமை மிச்சப்படுத்தும் இன்னொரு கர்னல் வசதியான கேஎஸ்எம் 2009 டிசம்பரில் லினக்ஸ் 2.6.32ல் வந்தது. ஒரே மாதிரியான பேஜ்களை ஒன்றாக்கும். ஒரே ஓஎஸ் ஓடும் விஎம்கள் நிறைய இருந்தால் நல்ல மிச்சம். ஆனால் அந்த மிச்சத்தை நம்பி இன்னொரு விஎம் ஏற்றாதீர்கள். எல்லா விஎம்மிலும் ஒரே நேரத்தில் அப்டேட் ஓடினால் ஒன்றான பேஜ்கள் பிரிந்து, மிச்சம் நிமிடங்களில் காணாமல் போகும். அணைக்கும்போதும் கவனம் தேவை: கேஎஸ்எம்மின் 'ரன்' மதிப்பை 0 ஆக்கினால் ஸ்கேன் மட்டும் நிற்கும், 2 ஆக்கினால் சேர்ந்ததெல்லாம் பிரியும். அதற்கு வேண்டிய ரேம் காலியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டே 2 கொடுங்கள். வெவ்வேறு வாடிக்கையாளர்களின் விஎம்கள் ஒரே ஹோஸ்டில் இருந்தால் கேஎஸ்எம் வேண்டவே வேண்டாம். அடுத்தவர் விஎம்மோடு பேஜ் பகிரப்பட்டிருக்கிறதா என்பதை, அதில் எழுத ஆகும் நேரத்தை அளந்தே கண்டுபிடிக்க முடியும்.

ஹியூஜ் பேஜ் (வழக்கத்தைவிடப் பெரிய மெமரித் துண்டு) பெரிய டேட்டாபேஸ் விஎம்முக்கு ஏற்றது. 16 ஜிபிக்கு 2 எம்பி பேஜ்கள் 8192 தேவை. பூட் ஆகும்போதே ஒதுக்குங்கள், பிறகு ரேம் துண்டுதுண்டாகிவிட்டால் கேட்ட எண்ணிக்கை கிடைக்காது. அந்த விஎம் அணைந்திருந்தாலும் இந்த ரேம் வேறு யாருக்கும் பயன்படாது.

ஹோஸ்டுக்கு 4 ஜிபி ஸ்வாப், ஸ்வாப்பினஸ் (ஸ்வாப்புக்குப் போகும் நாட்டம்) 10 போதும். இசட்வால் (இசட்எஃப்எஸ் தரும் மெய்நிகர் டிஸ்க்) மேல் ஸ்வாப் வைக்காதீர்கள். ரேம் நெருக்கடியில் எழுதுவதற்கே இசட்எஃப்எஸ்ஸுக்கு ரேம் தேவைப்பட்டு ஹோஸ்ட் உறைந்துவிடும்.

முக்கியமான விஎம்மின் ஓஓஎம் ஸ்கோர் அட்ஜஸ்ட் மதிப்பை (இது குறைந்தால் ஓஓஎம் கில்லர் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பும் குறையும்) −500 என்று வைக்கலாம். விஎம் மறுபடி தொடங்கினால் இது போய்விடும் என்பதால் விஎம்களை நிர்வகிக்கும் லைப்வர்ட்டின் ஹூக்கில் (விஎம் தொடங்கும்போது தானே ஓடும் ஸ்கிரிப்ட்) எழுதிவையுங்கள். எல்லா விஎம்முக்கும் −1000 கொடுப்பது பாதுகாப்பு அல்ல. அப்போது கர்னல் ஹோஸ்டின் மற்ற சேவைகளை ஒவ்வொன்றாகக் கொல்லும். கொல்ல ஒன்றுமே இல்லாதபோது கர்னலே பேனிக் ஆகி நின்று, எல்லா விஎம்மும் ஒன்றாக விழும்.