முகம் பார்த்துப் பேசும் நாட்கள்

2025 மே 8, வியாழன்

ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் 1938ஆம் ஆண்டு தொடங்கிய வாழ்க்கை ஆய்வைப் பற்றி இன்று மீண்டும் வாசித்தேன். அப்பல்கலைக்கழகத்தின் மாணவர் 268 பேரும், பின்னர் அதனுடன் இணைக்கப்பட்ட பொஸ்டன் நகரின் ஏழைக் குடியிருப்புச் சிறுவர் 456 பேரும் முதுமைவரை பின்தொடரப்பட்டார்கள். ஐம்பது வயதில் தம் உறவுகளில் நிறைவு கண்டிருந்தவர்களே எண்பது வயதில் கூடிய உடல்நலத்தோடு இருந்தார்கள் என்றும், இதை முன்கூட்டிக் காட்டுவதில் கொலஸ்ட்ரோல் அளவைவிட உறவின் நிறைவே மேலாக நின்றது என்றும் ஆய்வின் இயக்குநர் றொபேட் வோல்டிங்கர் சொல்கிறார். நோயற்றவருக்கு உறவைப் பேணுவது எளிது என்பதால், எது காரணம் எது விளைவு என்று முற்றாகப் பிரித்துவிட முடியாதுதான். ஆனாலும் இந்த முடிவை நான் பெரிதாகவே மதிக்கிறேன், ஏனென்றால் கொழும்பு வெள்ளவத்தைத் தொடர்மாடிகளில் அதன் மறுபக்கத்தை நாள்தோறும் பார்க்கிறேன். பிள்ளைகள் ரொறன்ரோவிலும் லண்டனிலும் சிட்னியிலும் இருக்க, தாய்தகப்பன் மட்டும் மூன்று அறை வீட்டில் இருக்கிறார்கள். பணத்துக்குக் குறைவில்லை, காலை வணக்கப் படங்கள் வாட்ஸ்அப்பில் வந்து குவிகின்றன, மாலை ஆறு மணிக்குக் கதவைத் தட்டி, "என்ன செய்கிறீர்கள்?" என்று கேட்க ஒருவருமில்லை. மகிழ்ச்சியைப் பற்றிய அறிவுரைகளில் பெரும்பாலானவை மனத்துக்குள்ளே தேடச் சொல்கின்றன. நான் பக்கத்து வீட்டிலிருந்து தொடங்கச் சொல்வேன்.

மே 10, சனி

சந்தையில் வல்லாரைக் கட்டைக் கையில் எடுத்தபோது, கடைக்காரர் அதை வாங்கித் திரும்ப வைத்துவிட்டு, "அக்கா, இது நேற்றையது. பொன்னாங்காணி கொண்டுபோங்கோ, இப்பதான் இறங்கினது," என்றார். அவருடைய மகள் சாதாரணதரப் பரீட்சை எழுதியிருக்கிறாள்; பெறுபேறு வரும்வரை வீட்டில் ஒருவருக்கும் நித்திரையில்லை என்றார். ஐந்து நிமிடத்துக்கு மேற்படாத பேச்சு அது. சுப்பர் மார்க்கெட்டில் இதே கீரையை ஒரு சொல்லும் பேசாமல் வாங்கிவிடலாம், சில நாட்களில் அதுவும் வசதிதான். ஆனால் பெயர்கூடத் தெரியாத இத்தகைய மனிதர்கள்தான் ஓர் ஊரை நம்முடைய ஊராக்குகிறார்கள்.

நிக்கலஸ் எப்லி, ஜூலியானா ஷ்ரோடர் என்ற இருவர் சிகாகோவில் ரயிலில் வேலைக்குப் போவோரிடம் நடத்திய ஆய்வு 2014இல் வெளிவந்தது. அறிமுகமில்லாதவரோடு பேசிக்கொண்டு போவதைவிடத் தனியே இருப்பதே இனிமை என்று பயணிகள் எதிர்பார்த்தார்கள். பேசச் சொல்லி அனுப்பப்பட்டவர்களோ கூடுதலான இனிமையோடு பயணம் செய்தார்கள். கரையோர ரயிலில் கோட்டைக்குப் போகும்போது இதைச் செய்து பார்க்கிறேன். சனநெரிசலில் வாய்ப்பில்லை, இடம் கிடைத்த நாளில் நன்றாகவே நடக்கிறது. எல்லோரும் பேச விரும்புவார்கள் என்றில்லை. காதில் ஹெட்போன் மாட்டியிருப்பவரை அவர் பாட்டில் விட்டுவிட வேண்டும்.

மே 12, திங்கள், வெசாக் போயா

எங்கள் ஒழுங்கைச் சந்தியில் இளைஞர்கள் தன்சல் போட்டிருந்தார்கள். வருவோர் போவோருக்கெல்லாம் இலவசமாக உணவோ பானமோ கொடுக்கும், பௌத்தரின் வெசாக் பண்டிகைக் கால வழக்கம் இது. சிங்கள, தமிழ், முஸ்லிம் வீடுகளிலிருந்து சீனியும் கொத்தமல்லியும் கடலையும் சேர்ந்தன. கொத்தமல்லித் தண்ணீரைக் கடதாசிக் கோப்பைகளில் வார்க்கும் வேலை எனக்கு. இஞ்சித் துண்டுகள் கோப்பையில் விழாதபடி வடிதட்டைப் பிடித்துக்கொண்டு வார்க்க வேண்டும். கோப்பையின் விளிம்பில் சூடு ஏறுவதால் ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டைச் சேர்த்துக் கொடுக்க வேண்டும். ஓட்டோக்காரர் ஒருவர் வண்டியை ஓரங்கட்டிவிட்டு, பின்னால் இருந்த பிள்ளைகளுக்கு முதலில் வாங்கிக் கொடுத்து, கடைசியில் தான் குடித்தார். ஒரு முதியவர் ஊதி ஊதிக் குடித்து முடித்து, இன்னொன்று கேட்கத் தயங்கி நின்றபோது, பக்கத்தில் நின்ற பையன் கேளாமலே நீட்டினான்.

2008இல் எலிசபெத் டன், லாரா அக்னின், மைக்கல் நோர்ட்டன் ஆகியோர் வெளியிட்ட ஆய்வில், சிலருக்குக் காலையில் 5 டொலரும் வேறு சிலருக்கு 20 டொலரும் கொடுத்து, பாதிப்பேரைத் தமக்காகவும் மற்றவர்களைப் பிறருக்காகவும் அன்று மாலைக்குள் செலவிடச் சொன்னார்கள். பிறருக்குச் செலவிட்டவர்களே மாலையில் கூடிய மகிழ்ச்சியோடு இருந்தார்கள். தொகை பெரிதா சிறிதா என்பது பொருட்டாகவில்லை. இன்று அதை என் கைகளால் அறிந்தேன். வங்கிக் கணக்குக்கு அனுப்பும் நன்கொடையும் மிகத் தேவையானது, அதை நான் விடப்போவதில்லை. ஆயினும் வாங்குபவரின் முகத்தைப் பார்த்துக் கொடுக்கும்போது கொடுப்பவருக்குள் நிகழ்வது வேறு.

மே 13, செவ்வாய்

நேற்று மாலை முழுவதும் கைத்தொலைபேசியைத் தொடவேயில்லை, கை ஒழியவில்லை. கில்லிங்ஸ்வேர்த், கில்பர்ட் என்ற உளவியலாளர் இருவரும் 2010இல் 2,250 பேரைத் தொலைபேசி வழியாகக் கேட்டறிந்ததில், விழித்திருக்கும் நேரத்தில் ஏறத்தாழ 47 வீதம் மனம் செய்கிற வேலையில் இல்லை என்றும், அலையும் மனத்தில் மகிழ்ச்சி குறைவு என்றும் கண்டார்கள். விருந்தாளி வந்தால் தொலைபேசியை அடுத்த அறையில் வைத்துவிடுவது என்று வீட்டில் முடிவெடுத்திருக்கிறோம்.

மே 17, சனி

கணவனை இழந்து தனியே இருக்கும் சிநேகிதியைப் பார்க்கக் கொட்டாஞ்சேனைக்குப் போனேன். "ஒன்றும் கொண்டுவராதே, நீ வந்தால் போதும்," என்று முன்பே சொல்லியிருந்தாள். துயரத்தில் இருப்பவருக்கு ஆறுதல் வார்த்தை தேட வேண்டியதில்லை என்பது என் உறுதியான எண்ணம். அவள் குசினியில் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். நானும் ஒரு கத்தியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். கை வேலையில் இருக்க, கண் ஒன்றையொன்று பாராதிருக்க, அவள் தானாகவே கடைசி நாட்களைப் பற்றிப் பேசினாள். அவர் ஆஸ்பத்திரியில் பாற்கஞ்சி கேட்டதையும், கொண்டுபோனபோது இரண்டு கரண்டி மட்டும் குடித்ததையும் சொன்னாள். நான் இடைமறிக்கவில்லை. வெங்காயம் முடிந்தபின் பூண்டையும் எடுத்து வைத்தாள்.

புறப்படும்போது, செவ்வாய்க்கிழமைகளில் கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்குத் துணைக்கு வரமுடியுமா என்று கேட்டாள். "பார்ப்போம்" என்று சொல்லிப் பிரிந்தால் அது மாதங்களைத் தின்றுவிடும். எப்போது, எங்கே என்று குறித்துவைத்த எண்ணமே கூடுதலாகச் செயலாகிறது என்று பீற்றர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் 1999இல் எழுதியிருக்கிறார். பின்னேரம் நான்கு மணி, கோயில் வாசல் என்று அங்கேயே பேசிக்கொண்டோம்.

மே 20, செவ்வாய்

போனோம். வழக்கம்போலச் சைவர்களும் பௌத்தர்களும் கத்தோலிக்கரோடு வரிசையில் நின்றார்கள். திரும்பும் வழியில் தேநீர்க்கடையில் உளுந்துவடை சாப்பிட்டோம்; அவள் அரைவாசியை வைத்துவிடுவாள் என்று நினைத்தேன், முழுவதையும் சாப்பிட்டாள். எங்கள் மூன்றாம் மாடியில் தனியே இருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியையும் வர விரும்புகிறார். படியேறுவது அவருக்குச் சிரமம் என்பதால், அடுத்த கிழமை பஸ்ஸை விட்டுவிட்டு ஓட்டோவில் போவதாக ஏற்பாடு.