63 கோடுகளும் மூன்று விரல்களும்

நகச்சுற்று என்றால் எலுமிச்சம்பழம். எங்கள் வீட்டில் இதற்கு மறுபேச்சு கிடையாது. பழத்தின் காம்புப் பக்கத்தைச் சீவி, நடுவில் துளை போட்டு, வீங்கிய விரலில் தொப்பி மாதிரி மாட்டிவிடுவார்கள். சிறு வயதில் ஒரு விரலுக்கு மாட்டியிருக்கிறேன். அது ஒரு விளையாட்டு. ஆனால் வலது கையின் மூன்று விரல்களுக்கும் ஒரே நேரத்தில் மாட்டிக்கொண்டு வாசலில் நின்றபோது, மாவு வாங்க வந்த பையன் வாய்விட்டுச் சிரித்துவிட்டான். மூன்று பழம் மாட்டிய கையால் அவனுக்குச் சில்லறைகூட எண்ணிக் கொடுக்க முடியவில்லை.

நாங்கள் இட்லி மாவு அரைத்து விற்கிறவர்கள். மதுரையில், வைகைக்கு வடகரையில் ஒரு சந்துக்குள் வீடு. தினமும் 12 கிலோ அரிசி, 3 கிலோ உளுந்து. அரிசி களைய வேண்டும், உளுந்தை அலச வேண்டும், மாவு வழிக்க வேண்டும், உப்புப் போட்டுக் கரைக்க வேண்டும், கிரைண்டர் கல்லையும் அண்டாக்களையும் தேய்த்துக் கவிழ்க்க வேண்டும். இதற்கு நடுவே வீட்டுச் சமையலும் வீட்டுப் பாத்திரமும். கை காய்ந்திருக்கும் நேரம் என்று ஒன்று இருந்தால் அது தூங்கும் நேரம்தான். 14 வருடமாக இப்படித்தான். அதுவரை விரல்களுக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதால், தண்ணீர்தான் காரணம் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

ஆவணியில் கொழுந்தனார் மகள் திருமணம். கையைப் பார்த்த நாத்தனார், "இந்தக் கையோடு ஆல்பத்தில் நிற்கப் போகிறாயா?" என்று கேட்டு, இழுக்காத குறையாக ஒரு பியூட்டி பார்லருக்கு அழைத்துப் போனார். அங்கிருந்த பெண் கையை வெந்நீரில் ஊறவைத்தாள். நகத்தின் அடியில், பிறை தெரியும் இடத்துக்கு மேல் ஒட்டிக்கொண்டிருக்கும் மெல்லிய தோலை ஒரு குச்சியால் பின்னுக்குத் தள்ளினாள். பிறகு சின்ன இடுக்கிக் கத்தரியால் அதைச் சுற்றிலும் நறுக்கி எடுத்தாள். வேலை சுத்தம். நகம் நீண்டு, என் கையே வேறு யாருடையதோ மாதிரி இருந்தது. மேலே சிவப்புப் பூச்சு வேறு. அந்தப் பெண்ணை நான் குறை சொல்ல மாட்டேன். மறுநாள் அதிகாலையில் உளுந்து ஊறிய பாத்திரத்துக்குள் அதே கையை விட்டவள் நான்தான்.

புரட்டாசியில் ஆள்காட்டி விரலின் நகக்கண் சிவந்தது. ஐப்பசி மழை பிடித்தபோது நடுவிரலும் மோதிர விரலும் சேர்ந்துகொண்டன. நகத்தைச் சுற்றித் தோல் உப்பி, பளபளவென்று, வேகவைத்த கடலை மாதிரி இருந்தது. அமுக்கினால் வலி, அமுக்காவிட்டால் ஒரு குறுகுறுப்பு. நகத்துக்கும் சதைக்கும் நடுவே ஒரு சந்து விழுந்துவிட்டது. மாவு போய் அதற்குள் உட்கார்ந்துகொள்ளும். நான் செய்த பெரிய முட்டாள்தனம், சேலையில் குத்தியிருந்த ஊக்கை எடுத்து அந்த மாவை நோண்டி எடுத்தது. தினமும், இரவு எட்டு மணி வாக்கில், சீரியல் பார்த்துக்கொண்டே.

கார்த்திகையில் ஒரு ராத்திரி நடுவிரல் விண்விண் என்று தெறித்தது. கையைத் தொங்கப் போட முடியவில்லை. தலைக்கு மேல் தூக்கி வைத்துக்கொண்டே விடிய விடிய உட்கார்ந்திருந்தேன். காலையில் ஓரத்தில் சீழ் கோத்திருந்தது. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் கீறி எடுத்துவிட்டார்கள். அந்த நிமிடமே வலி பாதியாகக் குறைந்தது. சீழ் கோத்துத் துடித்தால் பழத்தை மாட்டிக்கொண்டு காத்திருக்கக் கூடாது, சிவப்புக் கோடு கையில் மேலேறினாலோ காய்ச்சல் வந்தாலோ ஒரு மணி நேரம்கூடத் தள்ளிப் போடக் கூடாது என்று அங்கிருந்த செவிலியர் சத்தம் போட்டார். அந்தச் சீழ் போனது. ஆனால் வீக்கம் அப்படியேதான் இருந்தது. மற்ற இரண்டு விரல்களும் அப்படியே.

அதன் பிறகுதான் ஒரு மருந்துக்கடையில் விரலைக் காட்டி ஒரு களிம்பு வாங்கினேன். நான்கே நாளில் வீக்கம் வடிந்தது. விட்டதும் திரும்பி வந்தது. மறுபடி போட்டேன், மறுபடி வடிந்தது. இப்படி மூன்று குழாய் தீர்ந்தது. அதற்குள் நகங்களில் குறுக்குக் குறுக்காகப் பள்ளங்கள் விழுந்து, தெப்பக்குளத்துப் படிக்கட்டு மாதிரி ஆகிவிட்டன. பொங்கலுக்கு வந்த என் அண்ணன்தான், "விரல் அழுகிப் போகிற வரைக்கும் மாவு விற்கப் போகிறாயா?" என்று திட்டிவிட்டுப் போனான்.

தை கடைசியில் அரசு மருத்துவமனையின் தோல் பிரிவுக்குப் போனேன். வரிசை நீளம். எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்த அம்மா பூக்கட்டுகிறவர். ஈர வாழைநாரும் மல்லிகையுமாக நாள் முழுதும் இருக்கிற கை. அவர் நகக்கண்ணும் என்னுடையது போலவே உப்பியிருந்தது. அவருக்கு அடுத்து மீன் ஆய்கிற ஒருவர். பின்னால் கல்யாண மண்டபத்தில் பாத்திரம் தேய்க்கிற பெண். யாரும் யாரிடமும் சீக்கு என்ன என்று கேட்கவில்லை. கையை நீட்டிப் பார்த்துக்கொண்டோம், அவ்வளவுதான்.

மருத்துவர் இளவயதுப் பெண். விரலைப் பார்த்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி: "எலுமிச்சம்பழம் வைத்தீர்களா?" தலையாட்டினேன். "ஏற்கெனவே ஊறிப்போன தோலை அமிலத்தில் இன்னும் ஊறவைத்திருக்கிறீர்கள்." சர்க்கரை இருக்கிறதா என்று ரத்தம் பார்க்கச் சொன்னார், சர்க்கரை உள்ளவர்களுக்கு இது எளிதாக வருமாம். எனக்கு இல்லை. நகத்தடியைச் சுரண்டிப் பூஞ்சைக்கும் பார்த்தார்கள். பிறகு அந்த மெல்லிய தோலைப் பற்றிச் சொன்னார். "வீட்டில் குக்கர் இருக்கிறது அல்லவா? காஸ்கட்டை எடுத்துவிட்டு மூடினால் என்ன ஆகும்? நகத்தடித் தோல்தான் உங்கள் விரலின் காஸ்கட். நகத்துக்கும் சதைக்கும் நடுவே தண்ணீர் இறங்காமல் அடைத்துக்கொண்டிருக்கிறது. அது போய்விட்டது. சோப்பும் மாவும் தண்ணீரும் உள்ளே போகின்றன, தோல் புண்ணாகிறது, புண்ணில் பூஞ்சையும் கிருமியும் குடியேறுகின்றன. மூலக்காரணம் பூஞ்சை அல்ல, ஈரம்."

பார்லரில் அழுக்கு மாதிரி நறுக்கி எறிந்தது இதைத்தான். 14 வருடம் என் கையைக் காப்பாற்றியதும் இதுதான். அதற்கு எங்கள் வீட்டில் ஒரு பெயர்கூடக் கிடையாது.

கடைக் களிம்பைக் காட்டினேன். வீக்கத்தை அடக்க ஸ்டீராய்டு, கிருமிக்கு ஒன்று, பூஞ்சைக்கு ஒன்று என்று மூன்று மருந்து ஒரே குழாய்க்குள். ஈரம் நிற்காமல் ஸ்டீராய்டை மட்டும் மாதக்கணக்கில் தேய்த்தால் தோல் மெலிந்துபோகும் என்றார். அவரும் ஸ்டீராய்டு களிம்புதான் எழுதினார். ஆனால் இரவில் மட்டும், நகக்கண்ணில் மட்டும், மூன்று வாரம், அதன் பிறகு வந்து காட்ட வேண்டும். பகலில் பூஞ்சைக்கு ஒரு சொட்டு மருந்து. இது என் விரலைப் பார்த்து எழுதியது. இதை வாசித்துவிட்டு யாரும் கடைக்குப் போய் அதே குழாயைக் கேட்க வேண்டாம்.

"ஒரு நாளைக்கு எத்தனை முறை கை தண்ணீரில் படுகிறது?" என்று கடைசியாகக் கேட்டார். பத்து, பதினைந்து என்றேன். "எண்ணிக்கொண்டு வாருங்கள்" என்றார்.

மறுநாள் தினக் காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கம் கோடு போட ஆரம்பித்தேன், பால்காரர் கணக்கு மாதிரி. காலை நாலரைக்கு முதல் கோடு. எட்டு மணிக்குள் 19. ராத்திரி கடைசிப் பாத்திரத்தைக் கவிழ்த்துவிட்டுக் கூட்டிப் பார்த்தால் 63. "அறுபத்து மூவர் கணக்கு" என்று அத்தை சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. 63 முறை நனைந்திருக்கிறது. ஒருமுறைகூட நான் விரலிடுக்கைத் துடைக்கவில்லை. முந்தானையில் ஓர் இழுப்பு, அவ்வளவுதான்.

கோடுகளைக் குறைப்பதுதான் வைத்தியம் என்று புரிந்தது. அரிசி களைவதையும் அண்டா தேய்ப்பதையும் வீட்டுக்காரர் முணுமுணுப்போடு எடுத்துக்கொண்டார். மிச்சமுள்ள ஈர வேலையை ஒரே மூச்சில் முடிக்கும்படி சேர்த்துவைத்தேன். சண்டை வந்தது மாவு கரைக்கிற இடத்தில். கையால் கரைத்தால்தான் மாவு பொங்கும், கைச்சூடும் கைராசியும் வேண்டும் என்பது அத்தையின் கட்சி. வாடிக்கையாளர்களும் அந்தக் கட்சிதான். கை வைக்காத மாவு என்று தெரிந்தால் அடுத்த தெருவுக்குப் போய்விடுவார்கள் என்று பயந்தார். நான் ஒரு நாள் இரண்டு தூக்குகளில் எடுத்து, ஒன்றை அத்தை கையாலும் மற்றதை மர அகப்பையாலும் கரைத்து வைத்தேன். காலையில் இரண்டும் மூடியைத் தள்ளிக்கொண்டு நின்றன. மாவைப் புளிக்கவைக்கும் நுண்ணுயிர்கள் உளுந்திலேயே இருக்கின்றன. என் கை போனால் அவற்றுக்கு ஒன்றும் நஷ்டமில்லை. அத்தை இரண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "அகப்பை எங்கள் அம்மா வீட்டில் இருந்து வந்தது. அதற்கும் ராசி உண்டு" என்றார். இப்போது அவரும் அகப்பையால்தான் கரைக்கிறார்.

கையுறை விஷயத்தில் நான் இடறி விழுந்தேன். ரப்பர் கையுறை போட்ட முதல் வாரம் விரல்கள் முன்னைவிட மோசமாயின. உள்ளே வேர்த்து, கழற்றும்போது ஒரு கரண்டித் தண்ணீர் கொட்டும். இரண்டாம் முறை போனபோது மருத்துவர், உள்ளே பருத்திக் கையுறை, அதற்கு மேல் ரப்பர் என்றார். வேலை முடிந்ததும் கழற்றிவிட வேண்டும், நனைந்த உறையைத் திரும்ப மாட்டக் கூடாது. கடைகளில் கிடைத்தவை ஆண்கள் அளவு. தையல் தெரிந்த பக்கத்து வீட்டு அக்கா பழைய பனியன்களைக் கிழித்து ஆறு ஜோடி தைத்துக் கொடுத்தார். கொடியில் அவை வரிசையாகத் தொங்குவதைப் பார்த்தால் சந்துக்குள் ஏதோ நாடகக் கம்பெனி வந்து இறங்கியது போலிருக்கும். காய்ந்ததும் உள்ளே வெளியே புரட்டிப் பார்த்துத்தான் மாட்டுவேன். கழுவிய கையைத் துண்டால் ஒற்றி, ஒவ்வொரு நகக்கண்ணிலும் கொஞ்சம் வாசலின் தடவுவது பழகிவிட்டது. ஊக்கைப் பீரோவில் வைத்துப் பூட்டினேன்.

வீக்கம் மாசிக் கடைசியில் வடிந்தது. ஆனால் நகம்? அது அதே படிக்கட்டாகத்தான் இருந்தது. மருந்து வேலை செய்யவில்லை என்று அழாத குறையாகப் போய் நின்றபோது, கைவிரல் நகம் மாதத்துக்குச் சுமார் 3 மில்லிமீட்டர்தான் வளரும், நீங்கள் பார்ப்பது பழைய நகம் என்றார் மருத்துவர். அடியிலிருந்து நுனி வரை முழுசாக மாற ஆறு மாதம். கால் நகம் என்றால் ஒரு வருடத்துக்கும் மேல். நகத்தில் விழும் வெள்ளைப் புள்ளியும் இதே கதைதான். என் மகன் கொக்குக் கூட்டத்தைப் பார்த்தால் விரல்களை ஆட்டி "கொக்கே கொக்கே பூப்போடு" என்று கத்துவான், நானும் கத்தியவள்தான். பூவைப் போட்டது கொக்கு இல்லை. எப்போதோ நகத்தின் வேரில் பட்ட சின்ன அடி. சுண்ணாம்புச் சத்துக் குறைவும் இல்லையாம். இதை மகனிடம் இன்னும் சொல்லவில்லை.

அவனுடைய ஸ்கேலை வைத்து அளக்கத் தொடங்கினேன். பங்குனி முதல் தேதி நடுவிரலின் கடைசிப் பள்ளம் நகக்கண்ணில் இருந்து 1 மில்லிமீட்டர் தள்ளி இருந்தது. சித்திரைப் பிறப்பன்று 4. அந்த மாதத்தில்தான், வெயில் விழுந்த திண்ணையில் உட்கார்ந்து விரலைத் திருப்பிப் பார்த்தபோது, நகத்தின் மேல் வெங்காயச் சருகின் உள்தோல் மாதிரி ஒரு படலம் ஒட்டிக்கொண்டிருந்தது. காஸ்கட் திரும்பி வந்துவிட்டது. நாத்தனாருக்குப் போன் போட்டுச் சொன்னேன். அவருக்கு என்ன விஷயம் என்றே புரியவில்லை. வைகாசியில் 7. ஆனியில் 10.

இப்போது நகத்தைக் குளித்த பிறகு வெட்டுகிறேன், அப்போதுதான் மிருதுவாக இருக்கிறது. ரொம்ப ஒட்ட வெட்டுவதில்லை. ஓரத்தில் தோல் கிளம்பினால் இழுப்பதில்லை, நகவெட்டியால் நறுக்கிவிடுகிறேன். என் நகவெட்டி எனக்கு மட்டும். ஆடியில் அத்தை இலை பறித்து அரைத்து மருதாணி வைத்துவிட்டார். நகச்சுற்று வராது என்று இதையும் சொல்லித்தான் வைப்பார்கள். ஆறின கைக்கு இலை மருதாணி பரவாயில்லை என்று மருத்துவர் சொல்லியிருந்தார். உடனே கறுப்பாகப் பிடிக்கும் கோன் மட்டும் வேண்டாம், அதில் தலைமுடிச் சாயத்தில் போடும் ரசாயனம் கலந்திருக்கும், சிலருக்குத் தோல் கொப்பளித்துவிடும் என்றார்.

கடைசிப் பள்ளம் சதையைத் தாண்டி நகநுனிக்கு வந்தது ஆடி வெள்ளிக்கிழமை. மருதாணி பிடித்த நகத்தில் அந்த ஒரு கோடு மட்டும் கருஞ்சிவப்பாகத் தெரிந்தது. நகவெட்டியை எடுத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்தேன். "வெள்ளிக்கிழமையும் அதுவுமாக, அதுவும் ஆடி வெள்ளியில், நகம் வெட்டுகிறவள் உண்டா?" என்று அத்தை கையில் இருந்ததைப் பிடுங்கிக் கொண்டுபோய்விட்டார். சனிக்கிழமையும் ஆகாதாம். ஞாயிறு காலையில், குளித்துவிட்டு வந்து கேட்டபோதுதான் கொடுத்தார். வெட்டிய துண்டு காலண்டர் தாளில் விழுந்தது. பள்ளத்தைக் கட்டைவிரலால் ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டு, தாளை மடித்துக் குப்பையில் போட்டேன். உள்ளே உளுந்து ஊறி மூன்று மணி நேரம் ஆகியிருந்தது; கொடியில் கையுறை காய்ந்துவிட்டதா என்று பார்க்க எழுந்தேன்.